பின்கேட்டின் மூன்று பூட்டுகள்

பின்கேட் பூட்டப்பட்ட இருபத்து மூன்றாம் நாள், டயாலிசிஸ் முடிந்து ரிக்‌ஷாவில் வந்த வனஜா, சி பில்டிங் வாசலில் இறங்கும்போது மயங்கிச் சரிந்தாள். அவள் கணவர் ஜம்புநாதன் ஒரு கையில் பிளாஸ்க், மறு கையில் குடை என்று நின்றுகொண்டிருந்ததால், தாங்கிப் பிடித்தது ரிக்‌ஷாக்காரர்தான். "காகா, தரா!" என்று, பிடிக்கச் சொல்லி, அவர் மராத்தியில் ஒரு அதட்டல் போட்ட பிறகே இவருக்குக் கை நீண்டது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், டயாலிசிஸ் சென்டர் தூரத்தில் இல்லை. பின்கேட்டைத் தாண்டினால் எதிர்ச் சந்தில்தான் இருக்கிறது. முன்னூற்றுப் பத்து காலடி என்று வனஜாவே எண்ணி வைத்திருக்கிறாள். ஒன்றரை வருடமாகச் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் சால்வையைப் போர்த்திக்கொண்டு தனியாக நடந்தே போய்க்கொண்டிருந்தாள். துணைக்கு வருகிறேன் என்று ஜம்பு செருப்பைத் தேடினால், "நீங்க உக்காந்து பேப்பர் படிங்க" என்று சொல்லிவிடுவாள். திரும்பும்போது மட்டும் சென்டர் ஆயா சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து விடுவாள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட ஒருத்திக்கு, யார் தயவும் இல்லாமல் போகிற அந்த முன்னூற்றுப் பத்து காலடி எவ்வளவு பெரிய விஷயம் என்பது நடந்தவளுக்குத்தான் தெரியும்.

பின்கேட் இல்லையென்றால் முன்கேட். அங்கிருந்து விமான் நகர் மெயின் ரோடு, பிறகு ராணுவ நிலத்தின் நீண்ட மதிலை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். நடுவில் பாதி ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். போக நாற்பது நிமிடம், வர ஒரு மணி நேரம். நான்கு மணி நேரம் மெஷினில் கிடந்து பிரஷர் இறங்கிப்போன உடம்பை ஒவ்வொரு குழியிலும் தூக்கிப் போட்டு எடுத்தால் என்ன ஆகும்? இந்த இருபத்து மூன்று நாளில் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். இப்போது இந்த மயக்கம்.

பூட்டியது யார் என்று கேட்டால் சி பில்டிங் சங்கம் என்று சொல்லலாம். பூட்டுவதற்கு வழி செய்து கொடுத்தது யார் என்று கேட்டால், ஜம்புநாதன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த வளாகத்தில் மூன்று கட்டடங்கள். ஏ-யில் எண்பத்தெட்டு வீடு, பி-யில் எழுபத்திரண்டு, சி-யில் வெறும் இருபத்து நான்கு. புனேயில் எங்கும் நடப்பதுபோல, பில்டர் மூன்றையும் தனித்தனி சங்கங்களாகப் பதிவு செய்துவிட்டுக் கம்பி நீட்டிவிட்டார். ரோடு, தண்ணீர், கேட், குப்பை எல்லாம் பொது. ஆளுக்கொரு பக்கம் இழுத்து நாறிப்போன பிறகு, நான்கு வருடத்துக்கு முன்னால் மூன்று சங்கங்களும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. விதிகளை எழுதும் வேலை ஜம்புவிடம் வந்தது. பேங்கில் முப்பத்தாறு வருடம் இருந்தவர், சர்க்குலரைக் கதைப் புத்தகம்போலப் படிக்கிறவர், ரிட்டயராகி வீட்டில் இருக்கிறவர். இவரை விட்டால் வேறு ஆள் ஏது?

மனிதர் அதை விதிகள் என்றே சொல்ல மாட்டார். "கான்ஸ்டிட்யூஷன்" என்பார். மூன்று மாதம் சாப்பாட்டு மேஜையைக் காகிதத்தால் நிரப்பி வைத்திருந்தார். வனஜா தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.

அவருடைய பயம் நியாயமான பயம்தான். வீட்டுக் கணக்குப்படி ஓட்டுப் போட்டால் ஏ-யும் பி-யும் சேர்ந்து எதை வேண்டுமானாலும் செய்துவிடும், சி பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பெரும்பான்மை என்பது ஆட்சி செய்யத்தான், சின்னவனை விழுங்க அல்ல என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னார். பேங்க் ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி உண்டு. ஒன்று மேனேஜரிடம், மற்றது அடுத்த அதிகாரியிடம். இரண்டு பேரும் சேர்ந்து நின்றால்தான் கதவு திறக்கும். ஜாயிண்ட் கஸ்டடி என்பார்கள். மனிதன் நல்லவனா கெட்டவனா என்ற ஆராய்ச்சியே அங்கே தேவையில்லை, சாவி பார்த்துக்கொள்ளும். அந்த ஏற்பாட்டின்மேல் ஜம்புவுக்குக் கோயில் மேல் இருக்கிற பக்தியைவிட ஒரு பிடி அதிகம்.

அப்படிப் பிறந்ததுதான் ஏழாவது விதி. பொதுவான எந்த விஷயத்துக்கும் மூன்று சங்கங்களின் சம்மதமும் வேண்டும். விதியை மாற்றுவதற்கும் அதே மூன்று சம்மதம். வெளி வண்டிகள் குறுக்கு வழியாக நுழைகின்றன என்று புதிதாகப் போட்ட பின்கேட்டுக்கும் அதுதான் சட்டம். ஆள் நுழையக்கூட இடுக்கு இல்லாத இரும்புத் தகடு, மூன்று பூட்டு, சங்கத்துக்கு ஒரு சாவி. மூன்று சாவியையும் வாட்ச்மேனிடம் கொடுத்து வைப்பது, எந்தச் சங்கமும் வேண்டும்போது தன் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

சாதாராப் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த அந்த வாட்ச்மேன் அப்போதே சொன்னார். அவர் ஊரில் அண்ணன் தம்பி நாலு பேருக்கும் பொதுவாக ஒரு மோட்டார் ரூம், பூட்டுக்குள் பூட்டாக மாட்டிச் சங்கிலி மாதிரி தொங்கவிடுவார்களாம். யார் தன் பூட்டைத் திறந்தாலும் கதவு திறந்துகொள்ளும். ஜம்பு சிரித்தார். "அப்படின்னா ஒருத்தன் கெட்டவனா இருந்தாலே போதுமே" என்று ஹிந்தியில் விளக்கம் சொல்லி அனுப்பினார். ஸ்ட்ராங் ரூம் மூடியிருப்பதற்காகக் கட்டியது, கேட் திறப்பதற்காகப் போட்டது என்ற வித்தியாசம் அந்தக் கெட்டிக்கார மூளைக்கு எட்டவில்லை. பேங்க்காரர்களுக்குத்தான் இப்படிப்பட்ட தப்பு செய்ய வரும்.

அன்று சி பில்டிங் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. செக்ரட்டரி ஜோகளேகர் ஒரு டப்பா பேடா கொண்டுவந்து கொடுத்தார்.

அதே ஜோகளேகர்தான் ஜூன் மாதம் வாட்ச்மேனிடமிருந்து சி பில்டிங் சாவியை வாங்கிக்கொண்டார். காரணம் தண்ணீர் லாரி. தினமும் விடிகாலை ஐந்துக்கு டாங்கர் வந்து சி பில்டிங் சுவரை ஒட்டி நின்று, மோட்டாரை உறுமவிட்டு, மூன்று கட்டடத்துக்கும் தண்ணீர் ஏற்றும். சி-யின் கீழ் வீட்டுச் சுவர் விரிசல் விட்டுவிட்டது. லாரியை ஏ பக்கம் நிறுத்துங்கள் என்று இரண்டு வருடமாகக் கேட்டும் ஏ-யும் பி-யும் அசையவில்லை. பின்கேட்டை மூடினால் ஏ-யும் பி-யும்கூட மதிலைச் சுற்றித்தான் போக வேண்டும். சி-யின் கையில் இருந்தது அந்த ஒரே ஒரு ஆயுதம். அதைச் செய்து கொடுத்தவர் மூன்றாம் மாடியில் இருந்தார்.

வனஜா மயங்கி விழுந்த மறுநாள் ஜம்பு ஜோகளேகர் வீட்டுப் படியேறினார். இஞ்சி டீ வந்தது. ஜோகளேகர் கெட்டவரே இல்லை. அண்ணி என்ற உரிமையோடு, வனஜா வஹினி எப்படி இருக்கிறார் என்று அவர் கேட்டபோது குரல் நிஜமாகவே கம்மியது.

"சாவியைக் கொடுங்க. ஒரே ஒரு மாசம்" என்றார் ஜம்பு. இருவரும் பேசிக்கொள்வது ஹிந்தியில்.

"கொடுத்தா லாரி நகருமா?"

ஜம்பு டீயைக் கையில் எடுத்து ஊதினார்.

"நகராது. உங்களுக்கே தெரியும்" என்றார் ஜோகளேகர். "நூத்தறுபது வீட்டுக்கு எதிரே இருபத்து நாலு வீடு. நம்ம பேச்சை அவங்க இன்னைக்குக் காது கொடுத்துக் கேக்குறாங்கன்னா, இந்தச் சாவியாலதான். சாவியைக் கொடுத்துட்டா அப்புறம் எதைக் காட்டிக் கேப்போம்? நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே சார் இது?"

சொல்லிக் கொடுத்தது அவர்தான். இதே சோபாவில் உட்கார்ந்து, விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லிக் கொடுத்தார். தன் வார்த்தையே தன்னை எதிர்த்து உட்கார்ந்து டீ குடிக்கும்போது என்ன பேசுவது? மீதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

அடுத்து ஏ பில்டிங். அதன் சேர்மன் ஷ்ரேயஸ், முப்பத்து நான்கு வயது, ஐ.டி. கம்பெனியில் வேலை. அப்பா அம்மா தமிழ், பிறந்து வளர்ந்தது புனே. தமிழைத் தட்டுத் தடுமாறித்தான் பேசுவான், ஆனால் ஜம்புவிடம் தமிழில்தான் பேசுவான்.

"அங்கிள், நான் என்ன செய்றது சொல்லுங்க. லாரி இங்க வந்தா நாலு கார் பார்க்கிங் போகும். வாட்ஸாப்ல வோட்டிங் வச்சேன். அறுபத்தொண்ணு பேரு நோ. ஒம்பது பேருதான் யெஸ். அந்த ஒம்பதுல ஒண்ணு நான்."

"நீ சேர்மன்தானேப்பா. எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"சொன்னேன் அங்கிள். அடுத்த எலெக்‌ஷன்ல வேற சேர்மன் வருவாங்கன்னு சொல்றாங்க." அவன் தலையைச் சொறிந்தான். "எல்லாருக்கும் ஆன்ட்டி மேல பாவமா இருக்கு. ஆனா பார்க்கிங் யாரும் விட மாட்டாங்க. நகோ நகோ, வேணாம் வேணாம்னு கத்துறாங்க."

பாவம் பார்க்கத் தயாராக அறுபத்தொரு பேர், கார் நகர்த்தத் தயாராக ஒன்பது பேர். ஜனநாயகத்தில் ஒளிவு மறைவு கிடையாது, யார் எவ்வளவு என்று எண்ணிச் சொல்லிவிடும்.

மகள் மீனு கோயம்புத்தூரிலிருந்து போனில் கத்தினாள். "பூட்டை உடைங்கப்பா! ஒரு சுத்தியல் போதும்!" ஜம்பு பொறுமையாக, "அப்படியெல்லாம் செய்யக் கூடாதும்மா. மீட்டிங் போட்டிருக்கேன்" என்றார். பக்கத்தில் படுத்திருந்த வனஜா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் எதுவும் கேட்கவில்லை என்பதால் அவளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டார்.

அந்த வாரம் மூன்று நாளும் மதிலைச் சுற்றிய பயணம்தான். வனஜாவின் முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. முன்பெல்லாம் டயாலிசிஸ் அன்று சாயங்காலமே எழுந்து ரசம் வைத்துவிடுவாள். இப்போது மறுநாள் முழுவதும் கிடந்தாள். எழுந்து உட்காரும் நேரத்துக்கு மறுபடி கிளம்ப வேண்டிய நாள் வந்துவிடும்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு கிளப் ஹவுஸில் ஸ்பெஷல் மீட்டிங். நாற்பது பேர் வந்திருந்தார்கள். ஜம்பு தானே தட்டச்சு செய்த தீர்மானத்தைப் படித்தார். மூன்று மாதத்துக்குக் கேட்டைத் திறந்து வைப்பது, அதற்குள் லாரி விஷயத்தைப் பேசி முடிப்பது. சி, லாரி முதலில் என்றது. ஏ, கேட் முதலில் என்றது. பி, ஏ என்ன சொல்கிறதோ அதுவே என்றது. ஒரு மணி நேரம் இதையே மாற்றி மாற்றிச் சொன்னார்கள். யாரோ விரிசல் விட்ட சுவரின் போட்டோவைக் காட்டினார்கள். யாரோ தன் காரின் நீளத்தைச் சொன்னார்கள்.

பி பில்டிங் செக்ரட்டரி ஜான்சி எழுந்தாள். அப்பா தாபோடியில் ராணுவக் கல்லூரி வொர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர், அங்கேயே வளர்ந்தவள், வளவளவென்று பேசத் தெரியாதவள். "லாரியும் வேணாம் ஒண்ணும் வேணாம். சி பில்டிங் பூட்டை இப்ப வெட்டிடுவோம். மெடிக்கல் எமர்ஜென்சி. ரூல் புக்கெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு, ஜம்புவைப் பார்த்துத் தமிழில், "அக்காவுக்காகத்தான் சொல்றேன் அண்ணே. நீங்க ம்னு சொல்லுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றாள்.

ஹால் முழுவதும் ஆமாம் ஆமாம் என்றது. காரை நகர்த்தாமல் நல்லவர்களாக இருக்க ஒரு வழி கிடைத்துவிட்டதல்லவா, அறுபத்தொரு பேர் பக்கத்து முகங்களெல்லாம் மலர்ந்தன.

ஜோகளேகர் மெதுவாக எழுந்தார். "நான் தடுக்க மாட்டேன்" என்றார். "எழுதினவர் ஜம்பு சார். பூட்டை வெட்டலாம்னு அவர் சொன்னா, விதிக்கு அதுதான் அர்த்தம்னு எடுத்துக்கறேன். போலீசுக்கும் போக மாட்டேன், கோர்ட்டுக்கும் போக மாட்டேன். ஆனா ஒண்ணு. இன்னைக்கு ஒரு நல்ல காரணத்துக்கு வெட்டுவாங்க. நாளைக்கு அவங்களே ஒரு காரணம் கண்டுபிடிச்சு வெட்டுவாங்க. அப்புறம் எங்க இருபத்து நாலு வீட்டுக்கு இந்தக் காகிதத்தால ஒரு பிரயோஜனமும் இல்ல. சொல்லுங்க சார். நீங்க சொன்னபடி."

நாற்பது பேரும் ஜம்புவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். கட்டர் வாட்ச்மேன் அறையிலேயே இருந்தது. செவ்வாய்க்கிழமை வனஜா சால்வையைப் போர்த்திக்கொண்டு நடந்து போகலாம்.

ஜம்பு தீர்மானக் காகிதத்தைக் கீழே வைத்தார். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். ஆனால் முப்பத்தாறு வருடப் பழக்கம் அவருக்கு முன்னால் எழுந்து நின்றுவிட்டது. எத்தனையோ பெரிய மனிதர்கள், எத்தனையோ அவசரம் என்று வந்து நின்றபோது, இரண்டாவது சாவி வராமல் ஸ்ட்ராங் ரூம் கதவைத் தொட்டதில்லை அவர். தன் வீட்டு விஷயம் என்றால் மட்டும் தொடுவாரா? அப்புறம் அவர் யார்? ஜோகளேகர் சொல்வதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை என்று தெரிந்தது. தெரிந்ததுதான் வினை.

"வேண்டாம்" என்றார். குரல் தேய்ந்து வந்தது. "நான் எழுதினதை, என் வீட்டுக்காக நானே உடைக்கக் கூடாது. பூட்டு இருக்கட்டும். எல்லாரும் சம்மதிக்கிறப்ப திறக்கட்டும்."

பிறகு யாரோ கை தட்டினார்கள். எல்லாரும் தட்டினார்கள். ஏ-யும் தட்டியது, சி-யும் தட்டியது. நான்கு வருடத்தில் மூன்று கட்டடமும் ஒரே மனதாகச் செய்த முதல் காரியம் அதுதான். ஜோகளேகர் கண் கலங்க வந்து கட்டிக்கொண்டார். ஷ்ரேயஸ், "கிரேட் அங்கிள்" என்றான். ஜான்சி மட்டும் தட்டவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு, போனைக் காதில் வைத்தபடி வெளியே போய்விட்டாள்.

மூன்று மாடியும் ஏறி வருவதற்குள் ஜம்பு சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டார். ஆறு மாதத்தில் எப்படியும் ஒரு வழி பிறக்கும். நல்ல ஸ்பிரிங் உள்ள டாக்ஸி பார்க்கலாம். கதவைத் திறந்தபோது வனஜா சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, முகம் கழுவிப் பொட்டு வைத்திருந்தாள்.

"ரொம்ப நேரம் கை தட்டினாங்களாமே" என்றாள்.

"ஜான்சி சொன்னாளா?"

"எனக்குக் கோவமில்லைங்க. ஒண்ணு கேக்கறேன். நாப்பது பேரும் சேர்ந்து என்னைப் பத்தித்தானே பேசினீங்க? என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு உங்களுக்குத் தோணலையா?"

"மீட்டிங்குக்கு நீ எப்படி வர முடியும், இந்த உடம்போட? அதுவும் இல்லாம…" அவர் தயங்கினார். வாய் பழக்கத்தில் முடித்துவிட்டது. "வீட்டுக்கு ஒரு ஓட்டு. வீடு என் பேர்ல இருக்கு."

சொல்லி முடிக்கும்போதே அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. சின்னக் கட்டடத்தைப் பெரிய கட்டடம் விழுங்கக் கூடாது என்று இந்த மேஜையில்தான் எழுதினார். இருபத்து நான்கு வீட்டுக்குக் குரல் வேண்டும் என்று மூன்று மாதம் எழுதினார். எதிரே தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டவளிடம் நீ என்ன நினைக்கிறாய் என்று ஒரு நாள் கேட்டதில்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. அவளுக்காக வேண்டும் என்று சொல்வதும் வேண்டாம் என்று சொல்வதும் தன் வேலை என்றே இருந்துவிட்டார்.

வனஜா ஒரு காகிதத்தை மேஜைமேல் வைத்து அவர் பக்கம் தள்ளினாள். சென்டரின் படிவம். வாரம் மூன்று முறை என்பது வேண்டாம், இரண்டு முறை போதும், டாக்டர் அதிலுள்ள ஆபத்தை விளக்கிச் சொன்னார், தெரிந்தே கேட்டுக்கொள்கிறேன் என்று இங்கிலீஷில் இருந்தது. கீழே அவள் கையெழுத்து. மை இன்னும் பளபளத்தது.

"நேத்தே வாங்கிட்டு வந்தேன். கையெழுத்து போடாம வச்சிருந்தேன். இன்னைக்கு கேட்டைத் திறந்தா கிழிச்சிடலாம்னு" என்றாள். "ரிக்‌ஷால போயிட்டு வந்து படுத்தா எந்திரிக்க ரெண்டு நாள் ஆகுது. எந்திரிச்சா திரும்பக் கிளம்பணும். இப்படி இருக்கறதுக்கு, இருக்கற நாள்ல ரெண்டு நாளாவது மனுஷியா உக்காந்துட்டுப் போறேன்."

"ரெண்டு தடவை பத்தாதுன்னு டாக்டர் சொன்னாரே. தண்ணி நெஞ்சுல கோத்துக்கும்னு சொன்னாரே வனஜா."

"சொன்னார். எனக்கும் காது கேட்டுது."

ஜம்பு காகிதத்தைக் கையில் எடுத்தார். அவர் கண் தானாகவே இரண்டாவது கையெழுத்துக்கான இடத்தைத் தேடியது. திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். கையெழுத்துக்கு ஒரே ஒரு கோடுதான் போட்டிருந்தது, அது நிரம்பியிருந்தது.

"வேண்டாம்" என்றார். கிளப் ஹவுஸில் சொன்ன அதே வார்த்தைதான். இங்கே அதைக் கேட்டு நிற்க யாருமில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "வேண்டாம், வனஜா. நான் இப்பவே போய்ப் பூட்டை வெட்டச் சொல்றேன். ஜோகளேகர் கால்ல விழறேன்."

"கை தட்டினவங்க முன்னாடி போய் நின்னு மாத்திச் சொல்லுவீங்களா? உங்களால முடியாதுங்க. கீழ போய் நின்னுட்டுத் திரும்பி வந்துடுவீங்க. நாப்பது வருஷமா பாத்துட்டுதானே இருக்கேன்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கதவுவரை போனார். கைப்பிடியில் கையை வைத்தபடி நின்றார். கீழே கிளப் ஹவுஸ் வாசலில் இன்னும் ஆட்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஜோகளேகரின் சிரிப்பு கேட்டது. ஜம்பு நின்றுகொண்டே இருந்தார். அவள் சொன்னது சரி என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று.

"நான் சம்மதிக்கல" என்றார் கடைசியில், கதவைப் பார்த்தபடியே.

"உங்களைக் கேக்கலைங்க, சொல்றேன்" என்றாள் வனஜா. படிவத்தை எடுத்து மடித்து மருந்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "வியாழக்கிழமை வர வேண்டாம்னு அந்த ரிக்‌ஷாக்காரருக்கு மட்டும் போன் பண்ணிடுங்க. பாவம், காலையிலேயே வந்து நிப்பாரு."